கறை போகும் வரை

ஆல்ஜினேட் என்கிற மாவுக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. பல் டாக்டர் அந்த மாவைத் தண்ணீரில் குழைத்து, ஒரு தட்டில் வைத்து, வாய்க்குள் அழுத்தி அளவெடுப்பார். இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பர் போல இறுகி, பல், ஈறு, அண்ணம் எல்லாவற்றையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஆனால் வாயிலிருந்து வெளியே வந்த நொடியிலேயே மாறத் தொடங்கிவிடும். காற்றில் வைத்தால் சுருங்கும். தண்ணீரில் போட்டால் குடித்துக் குடித்து ஊதும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அளவில் செய்த பல் செட்டைப் போட்டுக்கொள்கிறவர் வாய்க்குத்தான் தெரியும். அதனால் அச்சு வந்த கையோடு அதில் ஸ்டோனை, அதாவது கெட்டி பிளாஸ்டரை, ஊற்றி வார்ப்பு எடுத்துவிட வேண்டும். அந்த வார்ப்பின்மேல்தான் நாங்கள் பல் செட்டு கட்டுகிறோம்.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அச்சு வருவது அடுத்தவர் வாயிலிருந்து. எச்சில், ரத்தம், அவர் உடம்பில் இருக்கிற நோய் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். கழுவாமல் தொடக் கூடாது. குழாய்த் தண்ணீரில் அலசி, உதறி, ஹைப்போ என்கிற கிருமி மருந்தைத் தெளித்து, ஜிப் கவருக்குள் மூடிப் பத்து நிமிடம் வைத்து, மறுபடி அலச வேண்டும். பத்து நிமிடம் போதும். அதற்குமேல் ஊறவைத்தால் கிருமி கூடுதலாகச் சாவதில்லை, அளவுதான் சாகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்.

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் லேப் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இரண்டு மேஜை, ஒரு மோட்டார், ஊற்றுகிற ஸ்டோனைக் குலுக்கிக் குமிழ் போக்க ஒரு வைப்ரேட்டர். வாசல் பக்கத்து மேஜை அவருடையது. வரும் கவர்களைப் பிரிப்பது, சீட்டைப் பார்ப்பது, ஸ்டோன் ஊற்றுவது எல்லாம் அவர் வேலை. மெழுகு, பல், கம்பி எல்லாம் என் வேலை. இருபது வருடம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். நான் கத்துவேன், அவர் வைப்ரேட்டரை ஆன் செய்வார். அந்தச் சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்காது. அப்புறம் சிரித்துவிடுவேன்.

கொரோனா இரண்டாவது அலையில் அவர் போய்விட்டார். கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது. நர்ஸம்மா அவர் காதருகே வைத்திருப்பதாகச் சொன்னார். மாஸ்க்கும் ஆக்ஸிஜனுமாக அவரால் பேச முடியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானேதான் பேசினேன். சாப்பிட்டேன் என்றேன், லேப்பைப் பூட்டிவிட்டேன் என்றேன், கோபமா என்று கேட்டேன். நாலு நிமிடம். பதிலுக்கு ஒரு ‘ம்’ வந்திருந்தால்கூட இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

யாரால் வந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு அதிகமாக அச்சு அனுப்புவது கன்டோன்மென்ட் பக்கத்தில் இருக்கும் ஒரு கிளினிக். அங்கே அசிஸ்டென்டாக இருக்கிற பெண் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதுவது கன்னடத்தில். ஒவ்வொரு கவருக்குள்ளும் ஒரு சீட்டு வைப்பாள். ஹைப்போ தெளித்த நேரம், கழுவிய நேரம், கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. சும்மா உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுகிறாள், ஒன்றும் கழுவுவதில்லை, அந்தக் கவரைப் பிரித்துத்தான் என் மனுஷனுக்கு வந்தது என்று முடிவு கட்டினேன். அவள் துக்கம் கேட்க வந்தபோது நான் உள்ளறையிலிருந்து எழுந்து வரவில்லை.

லேப்பை மறுபடி திறந்தபோது ஒரு பெரிய வெள்ளை டப்பா வாங்கினேன். நிறைய ஹைப்போ கலந்து வைத்தேன். எந்த கிளினிக்கிலிருந்து வந்தாலும், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், அச்சை அந்த டப்பாவில் முக்கி அரை மணி நேரம் வைத்தேன். சீட்டைப் படிப்பதையே விட்டுவிட்டேன். செட்டு லூஸ் என்று டாக்டர்கள் போன் செய்தால், “உங்க பேஷன்ட் வாய ஆட்டியிருப்பாரு சார்” என்று சொல்லிவிடுவேன். ஒருவரிடம், “பல்லில்லாதவங்களுக்கு எல்லாமே லூஸாத்தான் தெரியும்” என்றும் சொன்னேன். அவர் அதற்கப்புறம் வேலை அனுப்பவில்லை. போனால் போகட்டும் என்று இருந்தேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

பிறகு அந்த மேல்தாடை வந்தது.

கன்டோன்மென்ட் டாக்டர் முதலில் போன் செய்தார். சின்ன வயசு, நல்ல மனுஷர், என்னை அக்கா என்பார். பேஷன்ட், வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறவர்; தூக்கம் வராமலிருக்கப் பாக்குப் பொட்டலம் போட்டுப் போட்டு மேல்தாடையில் புற்று. திங்கட்கிழமை ஆபரேஷன். அண்ணத்தில் பாதியை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் வாயும் மூக்கும் ஒன்றாகிவிடும். குடிக்கிற தண்ணீர் மூக்கில் வரும். பேசினால் காற்றுதான் வரும், வார்த்தை வராது. அந்த ஓட்டையை அடைக்க ஒரு தகடு செய்து, ஆபரேஷன் மேஜையிலேயே மாட்டிவிட்டால் ஓரிரு நாளில் பேச்சு வந்துவிடும்.

“அக்கா, அவரு பொண்ணு சந்தாபுராவுல இருக்கா. எட்டு மாசம். முன்ன ஒண்ணு தங்கலையாம். அதனால அவகிட்ட கேன்சர்னே சொல்லல, பல்லு புடுங்கப் போறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு வாரத்துல வளைகாப்பு. போக முடியலன்னாலும் போன்லயாவது பேசிடணும், பேசலன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்கறாரு. அந்த மனுஷன் என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்.”

“செஞ்சிடலாம் சார்.”

“வாய் ரெண்டு விரல்கூட தெறக்கல. மூணாவது தடவைலதான் அளவு கிடைச்சுது. இன்னொரு தடவை எடுக்க முடியாது. ஹைப்போல்லாம் இங்கயே முடிச்சாச்சு. வந்ததும் ஸ்டோன் ஊத்திடுங்க அக்கா.”

மதியம் கவர் வந்தது. ஈர டிஷ்யூ சுற்றி, நேரம் எழுதிய சீட்டோடு ஒழுங்காகத்தான் வந்தது. பிரித்தேன். தட்டைச் சின்னதாக வெட்டி, ஓரத்தில் மெழுகு வைத்து எடுத்திருந்தார்கள். நல்ல அச்சு. ஆனால் அண்ணம் பதிந்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, பழுப்பாக ஒரு கறை. ரத்தம் மாவுக்குள் இறங்கி ஊறிப்போன கறை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதைத்தான் கழுவினாளா? இதற்குத்தான் பத்து நிமிடம் என்று எழுதி அனுப்பினாளா? இப்படித்தானே அன்றைக்கும் அனுப்பியிருப்பாள்?

அச்சை டப்பாவில் போட்டேன். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தேன், கறை போகவில்லை. மறுபடி போட்டேன். இன்னும் கொஞ்சம் ஹைப்போ ஊற்றினேன். கறை போகும் வரை ஊறட்டும் என்று சொல்லிக்கொண்டு வேறு ஒரு செட்டைத் தேய்க்க உட்கார்ந்தேன். மறதியில் நடந்தது என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரம், தெரிந்தேதான் வைத்தேன். டாக்டர் சொன்னது காதில்தான் இருந்தது. கறை வெளுத்த பிறகுதான் ஸ்டோன் ஊற்றினேன்.

வார்ப்பு பார்க்க நன்றாகவே வந்தது. மேல்பரப்பில் சுண்ணாம்பு தடவினது போலக் கொஞ்சம் மாவு மாவாக இருந்தது, அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். வெட்டி எடுக்கப்போகிற பகுதியைக் காட்ட டாக்டர் அதில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பற்களை வார்ப்பிலிருந்து நான் சுரண்டி எடுத்தேன். இந்தப் பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொள்ளக் கம்பிக் கொக்கி வளைத்து, தகட்டை முடித்தேன். என் வார்ப்பின்மேல் அது டப்பா மூடிபோல டக்கென்று உட்கார்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் பேசினார். வாயில் தகடு உட்காரவில்லை, ஆடுகிறது என்றார். கொக்கி பல்லைப் பிடிக்கவில்லை. தேய்த்தும் பார்த்திருக்கிறார், உள்ளே மெத்தென்ற மருந்து போட்டும் பார்த்திருக்கிறார். “வாய வெச்சிருக்க முடியாம ஆட்டிட்டாரு போல. என் தப்புதான், தட்ட அவ்ளோ சின்னதா வெட்டியிருக்கக் கூடாது” என்றார். நான் போனைக் காதில் வைத்தபடி வெள்ளை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஆமா சார், ஆட்டியிருப்பாரு” என்றேன். பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

ஆபரேஷனில் தகடு நிற்கவில்லை. துணியை அடைத்து, மூக்கில் குழாய் போட்டு விட்டார்கள். புண் கொஞ்சம் ஆறி, புது அளவு எடுக்கிற வரை இப்படித்தான் என்று சர்ஜன் சொல்லிவிட்டாராம். இதை எனக்குப் போனில் சொன்னது அந்த அசிஸ்டென்ட் பெண். மூன்று வருடத்தில் அவள் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், பேஜாரு பண்ணிக்காதீங்க. திரும்ப ஹைப்போல போட்டீங்களா?”

“நீ ஒழுங்கா கழுவி அனுப்பினா நான் ஏன்மா போடப்போறேன்?”

“நான் கழுவித்தானே அக்கா அனுப்பினேன். டைம் எழுதியிருந்தேனே.”

“எழுதறதுக்கு என்ன, யாரு வேணாலும் எழுதலாம்.”

 “அண்ணா இருந்தப்ப தெனமும் போன் பண்ணிக் கேப்பாரு அக்கா. எத்தன மணிக்குக் கழுவினேன்னு. கேட்டுட்டுதான் கவரப் பிரிப்பாரு” என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அவருடைய மேஜைக்கு மேலே ஒரு கம்பி தொங்குகிறது. வேலை முடிந்த சீட்டுகளை அதில் குத்தி வைப்பார். மூன்று வருடமாகத் தூசியோடு அப்படியே இருந்தது. அதைக் கழற்றினால் அழுகை வரும் என்று தொடாமல் விட்டிருந்தேன். அன்று கழற்றினேன். மேலே இருந்தவைதான் கடைசி வாரத்துச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் அவள் எழுதிய இரண்டு நேரம். பத்து நிமிடம், பத்து நிமிடம், ஒன்றில் பன்னிரண்டு. பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் என் வீட்டுக்காரர் போட்ட டிக். என் முதுகுக்குப் பின்னால் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு போட்ட டிக். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்த வாரத்தில் பேங்க்குக்குப் போயிருந்தார், மார்க்கெட்டுக்குப் போயிருந்தார், ஊசி போடுகிற வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றிருந்தார். அதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். ஆனால் வரிசைமேல் எப்படிக் கோபப்படுவது? மார்க்கெட்மேல் கோபப்பட்டு என்ன செய்வது? கோபப்பட எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்தச் சீட்டை நம்பினால் ஆளே இல்லாமல் போய்விடும். அதனால்தான் மூன்று வருடம் நம்பவில்லை. அதற்கு ஒரு மனுஷனுடைய வாயைப் பலி கொடுத்துவிட்டேன்.

புது அளவு எடுக்கிற அன்று நானே கிளினிக்குக்கு வருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அங்கேயே ஸ்டோன் ஊற்றிவிடுகிறேன், வழியில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். ஸ்டோன் பாக்கெட்டும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு போனேன்.

லேப் வேலையில் இருப்பவர்கள் முழு மனுஷரைப் பார்ப்பதில்லை. பல்லை மட்டும்தான் பார்ப்போம். அன்று அந்த செக்யூரிட்டிக்காரரைப் பார்த்தேன். ஒல்லியான, உயரமான ஆள். வலது கன்னம் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி. நான் யாரென்று டாக்டர் சொன்னதும், அவர் எழுந்து நின்று கும்பிட்டார். கேட்டில் நின்று நின்று பழகிய கும்பிடு. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

டாக்டர் மாவு குழைக்கப் போன நேரத்தில் அந்தம்மாவின் போன் அடித்தது. மகள். பதறிக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

“அப்பா பக்கத்துல இருக்காராம்மா?”

“இருக்காரு கண்ணு. பல்லு புடுங்கினது இன்னும் ஆறல. பேசக் கூடாதுன்னு டாக்டரு…”

“ரெண்டு வாரமா இதையேதான் சொல்ற. பல்லு புடுங்கினா ரெண்டு வாரமா பேச மாட்டாங்க? போன அவர்கிட்ட குடு.” பிறகு குரல் தாழ்ந்தது. “அப்பா. வளைகாப்புக்கு வராததுகூட பரவால்லப்பா. எல்லாரும் எங்க உங்கப்பான்னு கேட்டாங்க. எங்க மாமியார் வீட்ல சரியா மரியாதை பண்ணலன்னு கோவமா? என்மேல கோவமா? ஒரு வார்த்த பேசுப்பா. திட்டவாவது செய்.”

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். மூக்கு வழியாகப் புஸ்ஸென்று காற்று வந்தது. மனைவி சட்டென்று அவர் வாயைப் பொத்தினார், மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. மகள் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தாள். பதிலில்லாத போனில் ஒருத்தி தனியாகப் பேசிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த நானேதான் அதை அவளுக்குச் செய்திருந்தேன்.

அளவெடுத்தபோது அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இம்முறை நாலு தடவை ஆயிற்று. அச்சை அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அலசினாள், உதறினாள், ஹைப்போ தெளித்தாள், கவரை மூடினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டில் எழுதினாள். பத்து நிமிடமும் இருவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டாவது நிமிடத்தில், “நான்தாம்மா ஊறப்போட்டேன். ஒன்றரை மணி நேரம்” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “தெரியும் அக்கா” என்றாள். பத்தாவது நிமிடம் கவரைப் பிரித்து, அலசி, என் கையில் கொடுத்தாள். இந்த அச்சிலும் ஒரு பழுப்புக் கறை இருந்தது. அதன்மேலேயே ஸ்டோன் ஊற்றினேன்.

மறுநாள் தகடு தயாரானது. டாக்டர் அதை அவர் வாயில் வைத்து அழுத்தினார். விரலால் ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தார், மூக்கில் வரவில்லை. “காக்கா சொல்லுங்க” என்றார். “காக்கா.” “தாத்தா.” “தாத்தா.” கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். எல்லாம் பேச்சாக வந்தது. அந்தம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். டாக்டர் என்னைக் காட்டி, “இவங்கதான் ராத்திரி பகல் பாக்காம செஞ்சாங்க” என்றார். அது பொய்.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் நான் அவர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மனைவியும் அங்கேயே இருந்தார். முதல் தகடு ஏன் நிற்கவில்லை என்பதைச் சொன்னேன். உங்கள் வாய் ஆடவில்லை, டாக்டர்மேலும் தப்பில்லை, அளவை நான் மருந்துத் தண்ணீரில் போட்டுக் கெடுத்தேன் என்றேன். தெரிந்தே போட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் கதையைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். ‘பரவாயில்லை விடுங்கள்’ என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது. அவர் இரண்டையும் செய்யவில்லை. கன்னத்தில் கை வைத்துத் தகடு இருக்கிற இடத்தை வெளியிலிருந்து மெதுவாகத் தடவினார். மனைவியின் மடியிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வளைகாப்பு போச்சேம்மா” என்றார்.

ஓர் எழுத்தும் மூக்கில் போய்ச் சிதறாமல், தெளிவாகக் கேட்டது. தகடு இம்மியும் ஆடவில்லை.